குடிநீர்த் தொட்டியில் வேப்பிலைச் சாறு ஊற்றலாமா?

கேள்வி: எங்க வீதியில வாரம் ஒருதரந்தானுங்க சிறுவாணித் தண்ணி வருது. 500 லிட்டர் சிமென்ட் தொட்டியில பிடிச்சு வெச்சா, நாலாம் நாளே புழு நெளியுது. மாநகராட்சி ஆளுங்க ஊத்துற மருந்து பயமா இருக்குது. வேப்பிலையும் நொச்சியும் மிக்சியில அடிச்சு ஊத்தலாமுங்களா? பாரதியார் பல்கலைக்கழகத்திலயே இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாமே?
– வாசகி, வடவள்ளி

பதில்: பண்ணியிருக்கிறார்கள். அங்குள்ள விலங்கியல் துறையினர் வேம்பு உட்படப் பல செடிகளின் சாற்றைக் கொசுப்புழுக்கள் மேல் சோதித்திருக்கிறார்கள். புழு சாகிறது, சந்தேகமில்லை. ஆனால் அது மிக்சிச் சாறு அல்ல. உலர்த்திய இலைப்பொடியை மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுப்பது. அதை அளந்து, டம்ளர் அளவு தண்ணீரில் விட்ட புழுக்களுக்குக் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள்.

வேம்பின் சரக்கான அசாடிராக்டின் இலையைவிடக் கொட்டையில்தான் அதிகம். புழு தோலுரித்து வளர்வதைக் கெடுக்குமே தவிர உடனே கொல்லாது; வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். இலைச்சக்கை அழுகினாலோ, புழுவுக்கு அதுவே தீனி.

பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். வேப்பெண்ணெய் உள்ளே போய்க் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சீத்தாக்கொட்டைப் பொடி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஊமத்தை பேச்சே வேண்டாம். நீங்கள் பயப்படுகிற அபேட் மருந்துக்காவது, குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் மிக்சிக்கு அப்படி எந்த அளவும் இல்லை.

நாலாம் நாளே புழு தெரிகிறதென்றால், முட்டை பெரும்பாலும் தொட்டியில் முன்பே இருந்திருக்கிறது. டெங்கு கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் பிளீச்சிங் பவுடர் போட்டு உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பிடித்ததும் பழைய வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

வேம்புக்கு ஏற்ற இடம் வேறு. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் 1990களில் நெல்வயலில் வேம்பை இட்டு, தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சி, மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுக்களின் புழுவைக் குறைத்துக் காட்டினார்கள். உங்கள் வீட்டில் என்றால், வடியாத சாக்கடைக் குழிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் நுரைக்க அடித்து ஊற்றிப் பாருங்கள். வாராவாரம் திரும்ப ஊற்ற வேண்டும். மீன் விட்டிருக்கும் கிணற்றில் மட்டும் ஊற்றாதீர்கள்.