படகிற்கேற்ற குளிர்சாதனம்

வேம்பநாட்டுக் காயலில் ஒருகாலத்தில் நெல் சுமந்த கெட்டுவள்ளங்கள், 1990-ஆம் ஆண்டுகள் முதல் பயணிகள் தங்கும் வீட்டுப் படகுகளாகி வந்துள்ளன. இத்தகைய படகிற்குக் குளிர்சாதனம் தேர்ந்தெடுப்போர் முதலிற் கேட்பது, "எத்தனை டன்?" என்பதே. அகற்றிய வெப்பத்தை எங்கே விடுவது என்பது அதற்கு முன் கேட்கத்தக்க வினா.

குளிர்சாதனம் வெப்பத்தை இடம் மாற்றும் யந்திரமேயாம். ஒரு டன் யந்திரம் அறையினின்று சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். அது உட்கொள்ளும் மின்சாரம் சுமார் 1.2 கிலோவாட், அதுவும் வெப்பமாகிச் சேர, வெளியேற வேண்டியது 4.7 கிலோவாட். இவ்வெப்பத்தை ஏற்கும் நீர் 5 பாகைக்கு மேல் சூடேறாதிருக்க, நிமிடத்திற்குச் சுமார் 13.5 லிட்டர் நீர் பாய வேண்டும். இக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம்.

நண்பகற் காற்றினும் நீர் குளிர்ந்திருப்பதால் நீர்வழி முறையில் மின்செலவு குறையும். கப்பல்களில் இம்முறையே பெருவழக்கு. காயலிலோ வெங்காயத்தாமரை வேரும் சேறும் வடிகட்டியை அடைக்கும். உவர்நீர் உலோகத்தை அரிக்கும். செப்பு-நிக்கல் கலவைக் குழாய் அரிப்பைத் தாங்கும். வடிகட்டியைக் கழுவுவதற்கோ நாள்தோறும் ஆள் வேண்டும். ஆளில்லாத சிறு படகிற்கு, வீடுகளிற் காணும் காற்றுவழி யந்திரமே தக்கது. அதன் வெளிப்பகுதியைக் கூரைமேல் ஏற்றின் படகின் நிலைப்புக் குறையும். தாழ்வாக, காற்றோட்டமுள்ள நிழலில் அமைக்க.

இனி, உயிரைப் பற்றிய செய்தி. மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் புகையில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உண்டு. அடைத்த அறையில் உறங்குவோர் அதனை உணரார். புகைக்குழாயின் வாய், படகு நங்கூரமிட்டு நிற்கும்போது காற்று எத்திசையில் வீசினும் அறைப்பக்கம் புகை திரும்பாத இடத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அறையிலும் அவ்வாயுவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும்.