கறிவேப்பிலைச் செடியடியில் ஒரு வகுப்பு

சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் குளத்திலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் தலைப்பிரட்டைகளைக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் குழாய்த் தண்ணீர் மாற்றினேன். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தது எனக்கு நினைவில்லை. மதியத்துக்குள் எல்லாம் செத்து மிதந்தன. “நாம எடுத்துட்டு வராம இருந்திருந்தா தவளையாயிருக்கும்ல டீச்சர்?” என்றாள் ஒரு சிறுமி. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அதன்பின் உயிரினங்களை வகுப்பறைக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டேன். சூழ்நிலையியல் பாடவேளையில் பிள்ளைகளைத்தான் அவை இருக்குமிடத்துக்கு அழைத்துப் போகிறேன். (கூண்டுக் கிளியைக் கொண்டுவரட்டுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது.)

எங்கள் சத்துணவுக் கூடத்தின் பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதன் கொழுந்தில் முட்டையிடும். சிறு புழு பறவை எச்சம் போலவே இருப்பதால் முதல் இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. வளர்ந்தபின் இலைப்பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவைக்கொம்பு நீளும். ஒரு வாடையும் வரும். எந்தப் படமும் இந்த வாடையைத் தராது! முருங்கையில் இருக்கும் கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது, அரிக்கும் என்பதையும் அங்கேயே சொன்னேன்.

நான்கு கூட்டுப்புழுக்களை நாள்தோறும் பார்த்துக் குறித்தார்கள். மூன்று, நாங்கள் வருமுன்னே பறந்துவிட்டன, வெற்றுக்கூடுகள்தான் கிடைத்தன. நான்காவதில் சிறு துளை. உள்ளிருந்து கடுகளவு குளவிகள் வெளிவந்துகொண்டிருந்தன. கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதையே உணவாக்கிக்கொள்ளும் ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. குளவிகளைக் கொல்லலாம் என்றனர் பாதிப் பேர். “அதுவும் பசிக்குத்தானே தின்னுச்சு?” என்றாள் ஒருத்தி. பாடவேளை முழுவதும் அந்த வாதத்திலேயே போயிற்று. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தலைப்பிரட்டைகளின் சாவுக்கு நான் காரணம். இதற்கு நாங்கள் யாரும் காரணமில்லை. அந்த வேறுபாட்டை மட்டும் சொன்னேன்.

புழுவைக் கண்டாலே செருப்பால் நசுக்கும் ஒரு மாணவன் அந்த வகுப்பில் இருந்தான். ஒருநாள் சமையலுக்குக் கறிவேப்பிலை பறிக்க வந்தவரிடம், “ஆயாம்மா, இந்தக் கொப்பை மட்டும் விட்டுடுங்க” என்று அவன் கெஞ்சிக்கொண்டு நின்றான். எது வரை பறிக்கலாம் என்பதற்கு ஒரு சிவப்பு நாடாவை அவனே கட்டிவைத்தான். இந்த ஆண்டும் அது அங்கே இருக்கிறது. நிறம்தான் வெளுத்துவிட்டது.