பழம்பாறையும் அதிர்வதுண்டு: தீபகற்ப நிலநடுக்கம் பற்றிய ஒரு பாடம்

திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடையே, குன்றுகளை அடுத்து அமைந்த ஊர் வடமாலபேட்டை. இப்பிரதேசத்தின் அடித்தளம் மிகத் தொன்மையான கருங்கல் பாறையாகும். அதன்மீது பிற்காலப் படிவுப்பாறை அமர்ந்திருக்கும் எல்லையைத் திருமலை மலைப்பாதையில் காணலாம்; அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகும். இவ்வளவு பழமையான நிலம் அசையாது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

2021 நவம்பர் 29ஆம் தேதி அதிகாலை 4 மணி 17 நிமிடத்தில், வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டர் தொலைவில் 3.6 அளவுள்ள நிலநடுக்கம் பதிவாயிற்று. டிசம்பர் 23ஆம் தேதி பிற்பகலில் வேலூருக்கு மேற்கு-வடமேற்கே, சித்தூர்ப் பக்கத்தில், ஏறக்குறைய அதே அளவுள்ள மற்றோர் அதிர்வு நிகழ்ந்தது. பெருஞ்சேதம் விளையவில்லை, ஆயினும் மக்கள் அஞ்சினர்.

இவ்வதிர்வுகளுக்குக் காரணம் யாது? இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியக் கண்டத்தை நெருக்குகிறது. அந்நெருக்கத்தின் ஒரு பகுதியை இமயமலை ஏற்கிறது. அந்நெருக்கம் தீபகற்பத்தின் பழைய பிளவுகளிலும் இறுக்கமாகச் சேர்கிறது. இறுக்கம் தாங்காதபோது பிளவின் இருபுறமும் உள்ள பாறைகள் சறுக்குகின்றன; நிலம் நடுங்குகிறது. பிளவுகளில் இறங்கும் நீரின் அழுத்தமும் இச்சறுக்கலைத் தூண்டக்கூடும். மகாராஷ்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கத்தில் 1962இல் நீர் தேக்கத் தொடங்கியபின் அதிர்வுகள் தோன்றின; 1967 டிசம்பரில் 6.3 அளவுள்ள பெரும் நடுக்கமே நிகழ்ந்தது.

நிலநடுக்க அளவில் ஒரு படி உயர்ந்தால், வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்காகும். 1993 செப்டம்பர் 30ஆம் தேதி விடியுமுன் மகாராஷ்டிரத்தின் கில்லாரியைத் தாக்கிய நடுக்கத்தின் அளவு 6.2. எனவே அதன் சக்தி 3.6 அளவுள்ள அதிர்வைப்போல் ஏறக்குறைய 8,000 மடங்காகும்.

கில்லாரியும் தீபகற்பத்தின் பழம்பாறை நிலமே. அக்காலத்து வரைபடத்தில் அது அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. எனினும் 7,900-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மண் சாந்தில் அடுக்கிய கல்சுவர்களும், அவற்றின்மேல் பரப்பிய கனத்த மண்கூரையும் உறங்கியவர்மீது சரிந்தமையே பேரழிவுக்கு முக்கிய காரணம். பின்னர் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதல் மண்டலம் நீக்கப்பட்டது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 'அபாயம் குறைவு' என்பது 'அபாயம் இல்லை' என்பதாகாது.

கில்லாரியில் ஓராண்டுக்கு முன்பே சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. ஆனால் வேறு பல இடங்களில் இத்தகைய அதிர்வுகள் பெருநடுக்கமின்றியே அடங்கிவிட்டன. ஆகவே சிறு அதிர்வைக்கொண்டு வருவதை முன்னுரைக்க இயலாது. நாளும் நேரமும் குறித்துப் பரவும் வதந்திகளை ஆசிரியர்கள் மறுத்துரைத்தல் வேண்டும்.

வகுப்பில் செய்யத்தக்க ஒரு கணக்கு: மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக்கொண்டு இடியின் தொலைவை அறிவதுபோல், நடுக்கத்தின் தொலைவையும் அறியலாம். முதல் அலை பாறையில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டரும், இரண்டாம் அலை சுமார் 3.5 கிலோமீட்டரும் செல்லும். இரண்டும் கருவியை வந்தடையும் நேர வேறுபாட்டை எட்டால் பெருக்கினால் தொலைவு ஏறக்குறையக் கிடைக்கும். வேறுபாடு 10 நொடியாயின் தொலைவு 80 கிலோமீட்டர். மூன்று நிலையங்களை மையமாக வைத்து வரையும் வட்டங்கள் சந்திக்கும் இடமே நடுக்கத்தின் மையம்.

அதிர்வு உணரப்பட்டால் களப்பணியாளர் குறிக்க வேண்டியவை: நேரம்; ஒலி கேட்டதா என்பது; பாத்திரங்கள் ஆடினவா, சுவர் விரிந்ததா என்பவை; உணர்ந்தோர் வீட்டினுள் இருந்தனரா, வெளியில் இருந்தனரா என்பது. கருவிகள் தொலைவிலுள்ள ஊர்களில் இத்தகைய குறிப்புகள் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவும்.

பாறையின் நகர்வை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் சுவர்களை மூலைகளில் இணைத்துக் கட்டுவதும், சுற்றிலும் கான்கிரீட் பட்டை அமைப்பதும், கூரையின் பாரத்தைக் குறைப்பதும் நம் கையில் உள்ளவை. பள்ளிக் கட்டடத்திலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.