புள்ளியிட்ட அடிகள்

அன்புள்ள தம்பி,

குறுநாவலை இன்னும் அனுப்பவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. அதற்கு நீ சொன்ன காரணம்தான் பொறுக்கவில்லை. உ.வே.சா. போல ஒரு குறையும் இல்லையென்று ஆனபிறகே வெளியிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். உன் தயக்கத்துக்கு அந்தப் பெரியவரைச் சாட்சிக்கு இழுக்காதே.

சீவக சிந்தாமணிக்காக அவர் ஏடு தேடி அலைந்த கதை உனக்குத் தெரியும். ஆண்டுகளை மட்டும் பார். முதற்பதிப்பு வந்தது 1887இல். அப்போது அவருக்கு வயது 32. இரண்டாம் பதிப்பு 1907, மூன்றாவது 1922. முதலிலேயே குறை தீர்ந்திருந்தால் பிறகு எதற்கு அத்தனை உழைப்பு? தீரட்டும் என்று காத்திருந்தால் இடையில் வந்த பத்துப்பாட்டு, சிலம்பு, புறநானூறு, மணிமேகலை எல்லாம் என்னவாகியிருக்கும்? அந்த நூல்களில் பழகிய கண்ணோடுதான் அவர் சிந்தாமணிக்குத் திரும்பினார்.

புறநானூற்றை எடுத்துக்கொள். எதைப் பேசினாலும் நான் இங்கே வந்துவிடுவேன், பொறுத்துக்கொள். 1894இல் அவர் அதை அச்சிட்டபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. அந்த இடங்களில் புள்ளியிட்டு விட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செய்யுள் பயின்றவர், ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர். விட்டுப்போன ஓர் அகவலடியை இட்டு நிரப்ப அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நிரப்பவில்லை. அந்தப் புள்ளிகளோடுதான் நாம் இன்றும் புறநானூற்றைப் படிக்கிறோம். சிதைந்த பாட்டில் தப்பிய நாலு அடிக்காக ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்க என்னால் முடியும்.

பதிப்பு வேறு, படைப்பு வேறு என்பாய். சரி, பிள்ளையவர்களையே பார். தலபுராணங்களை அவர் வாயால் சொல்ல, மாணாக்கர் எழுதினார்கள். பாடியதைச் சபையில் அரங்கேற்றியாக வேண்டும். கேட்க ஊர் கூடியிருக்கும். எந்தச் செய்யுளும் அவரிடமே தங்கிவிட முடியாது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் உ.வே.சா. அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது; 1942இல் அவர் மறைந்தபோது பாதியில் நின்றது. முடிவுறாத நூல் என்று நீ அதை ஒதுக்கிவைத்தாயா?

இதைப் படித்துவிட்டுப் புரூஃப் பார்க்காமல் அனுப்பிவிடாதே. ஒற்றுப்பிழையைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அது இனி மாறாது. திருத்து, திருத்திவிட்டு விடு. முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதுவதை உழைப்பென்று நான் ஒப்பமாட்டேன்; ஏழாவதை எழுத அஞ்சுகிறாய், அவ்வளவுதான்.

அந்த ஏழாவது அத்தியாயத்தில் அத்தை ஏன் ஊருக்குத் திரும்புகிறாள் என்று உனக்கே பிடிபடவில்லை என்கிறாய். அந்த இடத்தை வெறுமனே விட்டு, எட்டாவதை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தபாலில் போடு. நான் பென்சிலோடு படிக்கிறேன். என் கடிதம் வரும்வரை சும்மா இராதே, அடுத்த கதையைத் தொடங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்