பயிற்சிக்குத் தேதி குறிக்கும் முன்



ஒரு குழுவின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கூடவே, அந்தக் குழு இதுவரை செய்துவந்த வேலையில் பெரும்பகுதியைத் தானே முடித்துவிடும் மென்பொருளும் அலுவலகத்துக்குள் நுழைந்திருக்கிறது. பயிற்சி வகுப்புக்குத் தேதி குறிக்கச் சொல்கிறது நிர்வாகம். குறிப்பதற்கு முன் இரண்டு நாளிதழ்களில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. ஈய எழுத்து போய்க் கணினி அச்சுக்கோப்பு வந்த காலம் அது. நியூயார்க், லண்டன் ஆகிய இரண்டு ஊர்களையும் தாக்கியது ஒரே மாற்றம்தான், விளைவுதான் வேறு.

1978 ஜூலை 2 தேதியிட்ட நியூயார்க் டைம்ஸ், அங்கே ஈய எழுத்தில் கோத்த கடைசி இதழ். அதுவரை லைனோடைப் இயந்திரங்கள்தாம் அதன் அச்சுக்கோப்புக் கூடத்தை ஆண்டன. விசைப்பலகையில் 90 விசைகள்: சிறிய எழுத்துகள் இடப்பக்கம், பெரிய எழுத்துகள் வலப்பக்கம். அடித்து முடித்த வரி, உருகிய ஈயக் கலவையில் ஒரே கட்டியாக வார்ந்து விழும். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துகளை இடக்கோடியில் அடுக்கியிருந்ததால், முதல் இரண்டு வரிசைகளை மேலிருந்து கீழாகத் தடவினால் ‘ஈடாயின் ஷர்ட்லு’ என்று வரும். அடிக்கும்போது பிழை நேர்ந்தால் அச்சுக்கோப்பாளர் அப்படித் தடவி மீதி வரியை நிரப்புவார். வார்ந்து வந்ததும் அந்தக் கட்டியை எடுத்துப் போட்டுவிடலாம். எடுக்க மறந்த நாளில் அந்தப் பொருளற்ற சொல் பேப்பரிலேயே அச்சாகிவிடும்.

இந்த வேலையில் தேற ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டியிருந்தது. வந்த புதிய இயந்திரத்திலோ தட்டச்சுப் பலகையின் வரிசை. பல்லாண்டு பழகிய விரல்கள் எழுத்து எங்கே இருக்கிறதென்று தேட வேண்டிய நிலை. தொழிலில் மூத்தவர் ஒருவரைப் புதுப் பள்ளிப்பிள்ளையாக உட்கார வைப்பது எத்தனை பெரிய காரியம் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். உங்கள் குழுவின் மூத்தவர்களுக்கு இளையவர்கள் பார்க்க முதல் பாடம் நடத்தாதீர்கள். தனியே, தடுமாற இடம் கொடுத்து, வேலை நேரத்திலேயே கற்றுக்கொடுங்கள்.

ஆனாலும் ஈய எழுத்தின் அந்தக் கடைசி இரவில் நியூயார்க் டைம்ஸில் வேலைநிறுத்தம் இல்லை, கதவடைப்பும் இல்லை. காரணம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போட்ட கையெழுத்து. இயந்திரமயமும் ஒரு காரணமாக 1962 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் நியூயார்க் நாளிதழ்களை 114 நாள் முடக்கியிருந்தது. அதை நடத்திய அச்சுக்கோப்பாளர் சங்கத்தலைவர் பெர்ட்ராம் பவர்ஸ்தான் 1974-இல் 11 ஆண்டு ஒப்பந்தத்துக்கு இசைந்தார். கணினியைக் கொண்டுவர நிர்வாகத்துக்கு முழு உரிமை. இருக்கும் அச்சுக்கோப்பாளர்களுக்கு ஆயுள் முழுக்க வேலை உத்தரவாதம். வேலை போகுமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைத்துவிட்டது. பலர் புதிய விசைப்பலகைக்கும், வெட்டி ஒட்டிப் பக்கம் அமைக்கும் மேசைக்கும் மாறினார்கள். பத்தியின் அளவும் தலைப்பின் நீளமும் பார்த்ததும் பிடிபடும் பழைய கண் அங்கேயும் உதவியது.

அந்த ஒப்பந்தம் ஆட்களைக் காத்தது, தொழிலைக் காக்கவில்லை. பழையவர்கள் ஓய்வு பெறப்பெற அந்த இடங்கள் மறைந்தன. உங்கள் குழுவிடமும் இதை மறைக்க வேண்டாம். எந்த வேலை நிற்கும், எது போகும் என்று தெரிந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அதே 1978-இல் லண்டனில் என்ன நடந்தது? புதிய தொழில்நுட்பம், அடிக்கடி நேர்ந்த வேலைத்தடை ஆகியவை குறித்துச் சங்கங்களோடு உடன்பாடு காண முடியாமல், டிசம்பர் 1 அன்று தி டைம்ஸ், சண்டே டைம்ஸ் இரண்டையும் நிர்வாகம் நிறுத்தியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1979 நவம்பரில்தான் தி டைம்ஸ் மறுபடி வந்தது. அத்தனைக்குப் பிறகும் விசைப்பலகை யார் கையில் என்ற சண்டை தீரவில்லை. 1981-இல் இதழ்கள் பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக்கிடம் போயின. லண்டனின் வாப்பிங் பகுதியில் எழுந்த அவருடைய புதிய அச்சு ஆலை, புதிதாக வரப்போகும் ஒரு மாலை இதழுக்கானது என்று சொல்லப்பட்டது. 1986 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் அவருடைய நான்கு இதழ்களின் உற்பத்தியும் அங்கே மாற்றப்பட்டது. ஏறக்குறைய 6,000 பேர் வேலை இழந்தார்கள். ஓராண்டுப் போராட்டம் அவர்களுக்கு வேலையை மீட்டுத் தரவில்லை.

லண்டன் சங்கங்களின் பிடிவாதத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் திட்டத்தை ஒளித்துவைத்த நிர்வாகத்தை எந்தத் தொழிலாளி மறுபடி நம்புவார்? கருவியைப் பற்றிய செய்தி உங்கள் வாயிலிருந்து வருவதற்கு முன் தேநீர்க் கடையிலிருந்து வந்தால் உங்கள் குழுவும் அப்படித்தான் நினைக்கும்.

ஆகவே பயிற்சி அட்டவணையோடு நிர்வாகத்திடம் மூன்று பதில்களையும் எழுத்தில் கேளுங்கள். இந்தக் கருவியால் யாருடைய வேலை போகும்? கற்கும் மாதங்களில் உற்பத்திக் கணக்கு எவ்வளவு தளர்த்தப்படும்? கற்க இயலாதவருக்கு எந்த மேசை காத்திருக்கும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் வகுப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டு மறுபடி கேளுங்கள். பதில் கையில் கிடைத்த பிறகு முதல் கூட்டத்தை வையுங்கள். கருவியின் சிறப்புகளை விளக்குமுன் அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள்.