தாத்தாவின் படமும் மெகாபிக்சலும்

செல்போனில் எடுக்கும் போட்டோ நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நன்றாக எடுப்பது என்று நான் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறேன்.

போன தை மாதம் எங்கள் தாத்தா இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்தைப் பெரிசு பண்ணி ஃபிரேம் போட வேண்டும். தேடிப் பார்த்தால் தாத்தா தனியாக இருக்கிற படம் இரண்டே இரண்டுதான். ஒன்று, பெரியப்பா மகன் கல்யாணத்தில் இரவு நேரத்தில் அண்ணன் தன் புது போனில் எடுத்தது. அது 50 மெகாபிக்சல் கேமரா. இன்னொன்று, நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் பழைய போனில் எடுத்தது. காலையில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், நான் விளையாட்டாக எடுத்தேன். அது வெறும் 5 மெகாபிக்சல்.

புது போன் படம்தான் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் ஸ்டூடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டியபோது கண் இரண்டும் கலங்கிப்போய், முகம் மாவு பூசியது மாதிரி இருந்தது. இரண்டையும் சின்னதாக பிரிண்ட் போட்டு வாங்கி வந்து அப்பத்தாவிடம் காட்டினோம். தாத்தாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்து கன்னம் முழுக்கத் தழும்பு உண்டு. கல்யாணப் படத்தைப் பார்த்த அப்பத்தா, "இது யாருடி? ஒங்க தாத்தா மூஞ்சியில தழும்பு எங்க போச்சு?" என்று கேட்டார். திண்ணைப் படத்தில் தழும்பு, நரைத்த மீசை, வெத்தலைக் கறை எல்லாம் இருந்தது. "இதுதான் அவுக" என்று சொல்லி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

50 பெரிதா, 5 பெரிதா? கணக்கில் 50 பெரிதுதான். பிறகு ஏன் இப்படி ஆனது என்று ஸ்டூடியோ அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் வீட்டில் செய்து பார்த்ததையும் கீழே எழுதுகிறேன்.

மெகாபிக்சல் என்றால் என்ன?

படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 10 லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். 6×4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 1800×1200 = 21,60,000 புள்ளி போதும். அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 10×8 அங்குல ஃபிரேமுக்கு, அங்குலத்துக்கு 240 புள்ளி வைத்தால் 46,08,000 புள்ளி. ஆகவே 5 மெகாபிக்சல் தாராளம். 50 மெகாபிக்சல் போன்கள் பலவும் நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் சாதாரணமாகத் தருகின்றன.

கல்யாணப் படம் ஏன் கெட்டது?

1. வெளிச்சம் குறைவு. போனின் லென்சும் அதன் பின்னால் இருக்கும் சென்சாரும் மிகச் சிறியவை. வெளிச்சம் போதாவிட்டால் கேமரா அதிக நேரம் திறந்திருந்து ஒளியைச் சேர்க்கும். அதற்குள் கை ஆடினாலும் ஆள் அசைந்தாலும் படம் கலங்கும். கிடைத்த கொஞ்ச ஒளியைக் கூட்டிக் காட்டுவதால் ரவை தூவியது போலப் புள்ளிகளும் வரும்.

2. பியூட்டி மோடு. இது முகத்தில் உள்ள சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் மெழுகி விடும்.

3. வாட்ஸ்அப். அண்ணன் அதில்தான் அனுப்பினார். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி விடும். போனில் இடமில்லை என்று அசலையும் அழித்துவிட்டாராம்.

நல்ல படமா என்று எப்படிப் பார்ப்பது?

திரையில் சின்னதாகப் பார்த்தால் எல்லாப் படமும் அழகுதான். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் கண்: இமை முடி தனித்தனியாகத் தெரிகிறதா? அடுத்து முடியும் தோலும்: உள்ளது உள்ளபடி இருக்கிறதா, களிம்பு பூசியது போல இருக்கிறதா? மூன்றாவது வெள்ளை வேட்டி: மடிப்புத் தெரிய வேண்டும். ஒரே வெள்ளையாக வெளுத்துப் போயிருந்தால் பிறகு திருத்த முடியாது. கடைசியாக, ஆளைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அப்பத்தாவை விடப் பெரிய பரிசோதனை இல்லை!

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* லென்சை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கவும். நம் கை எண்ணெய் பட்டுத்தான் பாதிப் படம் புகையாக வருகிறது.
* உச்சி வெயிலில் வேண்டாம், கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். திண்ணை, வாசல், மரநிழல் நல்லது. முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.
* முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகும்.
* முகத்தின் மேல் திரையில் ஒரு தடவை தொட்டால் அங்கே ஃபோகஸ் ஆகும்.
* ஜூம் செய்யாமல் கிட்டப் போகவும். டிஜிட்டல் ஜூமில் இரண்டு மடங்கு இழுத்தால் நான்கில் ஒரு பங்கு புள்ளிதான் மிஞ்சும்.
* முழங்கையை உடம்போடு ஒட்டி, அல்லது தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து எடுக்கவும். ஐந்தாறு எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளவும்.
* பியூட்டி மோடை நிறுத்தவும்.
* அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பவும். அசலை அழிக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரியுமா?

1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் 10,000 புள்ளிதான், அதாவது 0.01 மெகாபிக்சல். கறுப்பு வெள்ளைதான். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது!

போன ஞாயிற்றுக்கிழமை அதே பழைய போனில், அதே திண்ணையில் அப்பத்தாவைப் படம் எடுத்தேன். "கெழவிக்கு எதுக்குடி போட்டோ" என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டாவது படத்தில்தான் சிரித்தார். பல் இல்லாதது, காதில் தண்டட்டி, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

தாத்தாவை இன்னும் நாலு படம் எடுத்திருக்கலாமே என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். போன் பழசாக இருந்தாலும் பரவாயில்லை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி