செத்த சர்வீஸை விட இழுத்துக்கொண்டிருக்கும் சர்வீஸே ஆபத்து

ஒரே அப்ளிகேஷனாக இருந்ததைப் பத்துப் பதினைந்து சர்வீஸாகப் பிரித்துவிட்டீர்கள். ஒன்று விழுந்தால் என்ன செய்வது என்று டீமில் பேசியிருப்பீர்கள். விழாமலும் பதில் சொல்லாமலும் நின்றால்? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் மைக்கேல் நைகார்ட். 2007-ல் வந்து, 2018-ல் இரண்டாம் பதிப்பு கண்ட அவருடைய 'ரிலீஸ் இட்!' நூலில் வரும் விமான நிறுவனக் கதையை ஜூனியர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

விமானங்களைத் தேடித் தரும் ஒரு பொது சர்வீஸ். செக்-இன் கியோஸ்க், தொலைபேசித் தானியங்கிச் சேவை எல்லாம் அதைத்தான் கூப்பிடும். டேட்டாபேஸை வழக்கமான பராமரிப்புக்காக வேறு சர்வருக்கு மாற்றியபோது பழைய கனெக்‌ஷன்கள் அறுந்தன. கோடில் முதல் வரி ஸ்டேட்மென்டை மூடும், அடுத்த வரி கனெக்‌ஷனை மூடும். முதல் வரி எக்ஸெப்‌ஷனை எறிந்ததால் அடுத்த வரி ஓடவே இல்லை. கனெக்‌ஷன்கள் பூலுக்குத் திரும்பவில்லை, பூல் வறண்டது, வந்த த்ரெட்கள் எல்லாம் காத்து நின்றன. கூப்பிட்ட கியோஸ்க் சர்வரும் கூடவே உறைந்தது.

அந்த இரண்டு வரியைத் திருத்துவது சின்ன வேலை. இப்படிப் பிழைகள் வரத்தான் செய்யும், ஓரிடத்துப் பிழை மற்ற சிஸ்டங்களுக்கு ஏன் பரவியது என்பதுதான் நைகார்டின் கேள்வி.

அதனால் முதலில் டைம்அவுட். ஜாவா சாக்கெட்டில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ரீட் டைம்அவுட் 0, அதாவது முடிவே இல்லாத காத்திருப்பு. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸும் அப்படியே. எல்லா இடத்திலும் 30 விநாடி போட்டுவிட்டுக் கைகழுவாதீர்கள். வெளி அடுக்கு 3 விநாடி காத்திருந்தால், உள்ளே போகப் போக அது குறைய வேண்டும். பூலிலிருந்து கனெக்‌ஷன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ரீட்ரையை ஒரே அடுக்கில் வையுங்கள். மூன்று அடுக்கும் தலா 3 முறை முயன்றால், ஏற்கெனவே திணறும் கடைசி சர்வீஸின் தலையில் 27 கால்கள் விழும்.

அடுத்தது, நைகார்ட் அந்த நூலின் மூலம் பரப்பிய சர்க்யூட் பிரேக்கர். தோல்விகள் கூடினால் டிரிப் ஆகி, கால்களை உடனே திருப்பி அனுப்பும். வீட்டு எம்.சி.பி.யை நாம்தான் தூக்கிவிட வேண்டும். இது சற்றுப் பொறுத்து ஒரு காலை அனுப்பித் தானே சோதித்துக்கொள்ளும். நெட்ஃப்ளிக்ஸ் இதை ஹிஸ்ட்ரிக்ஸ் என்ற பெயரில் 2012-ல் வெளியிட்டது. 2018-ல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர்கள் ரெசிலியன்ஸ்4ஜே பக்கம் போகலாம். ஆனால் யாருடைய டீஃபால்ட்டையும் அப்படியே எடுக்காதீர்கள். ஹிஸ்ட்ரிக்ஸில் 10 விநாடிக்குள் 20 கால்களாவது வந்தால்தான் பிரேக்கர் கணக்கே பார்க்கும். நிமிடத்துக்கு நாலு கால் வரும் சர்வீஸில் அது அலங்காரப் பொருள்தான்.

பிரேக்கர் திறந்திருக்கும்போது வாடிக்கையாளருக்கு எதைக் காட்டுவது? பழைய விலையையா, மன்னிப்பையா? இது டெவலப்பர் தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. பிசினஸ் ஆட்களை உட்காரவைத்துக் கேளுங்கள்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஸ்டேஜிங்கில் ஒரு சர்வீஸை நிறுத்தாதீர்கள், மெதுவாக்குங்கள். டாக்ஸிப்ராக்ஸி வைத்து 10 விநாடி தாமதம் கொடுத்து, லோடு ஏற்றி, அதைக் கூப்பிடும் சர்வீஸில் த்ரெட் டம்ப் எடுங்கள். சாக்கெட் ரீடில் எத்தனை த்ரெட் நிற்கிறது என்று எண்ணுங்கள்.